பரிசம் யார் கையில், பிள்ளை யார் வீட்டில்: ஆப்பிரிக்க நாவல்களில் கல்யாணம்

கேள்வி இது: "ஆப்பிரிக்க நாவல் எதை எடுத்தாலும் பெண்ணுக்கு விலை பேசுகிறார்கள், ஆண் இரண்டு மூன்று கட்டிக்கொள்கிறான், பிள்ளை இல்லாதவளை ஒதுக்கி வைக்கிறார்கள். எழுதியவர் இதையெல்லாம் எதிர்க்கிறாரா ஏற்றுக்கொள்கிறாரா என்றே பிடிபடவில்லை. எப்படிப் படிப்பது, எதில் தொடங்குவது?"

கணக்கைப் பின்தொடர்ந்து படியுங்கள். யார் கொடுத்தார், யார் வாங்கினார், எவ்வளவு பாக்கி நிற்கிறது, உறவு முறிந்தால் யார் யாருக்குத் திருப்ப வேண்டும், பிள்ளை எந்த வீட்டுக்குச் சேரும் என்பதைக் குறித்துக்கொண்டே போனால், புரியாத கோபங்களில் பாதிக்குக் காரணம் தெரிந்துவிடும். இந்த நாவல்களில் கதையின் முடிச்சு பெரும்பாலும் ஏதோ ஒரு பாக்கியில்தான் இருக்கும்.

'விலை' என்று படிப்பதில்தான் முதல் தடுக்கல். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குத் தருவது பரிசம். வரதட்சணையைத் திருப்பிப் போட்டால் பரிசம் வந்துவிடாது. தந்தைவழிச் சமூகங்களில் பரிசம் முக்கியமாக ஒன்றைத் தீர்மானிக்கிறது: இந்தப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எந்த வம்சத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை. அதனால்தான் நைஜீரியாவின் இக்போ மக்களிடையே, ஆண் வாரிசு இல்லாத ஒரு பெண் தானே பரிசம் கொடுத்து இன்னொரு பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் பரிசம் கொடுத்த வீட்டுப் பெயரைச் சுமந்தார்கள். வெறும் கொள்முதல் என்று பார்த்தால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இருக்காது.

சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958) எட்டாம் அத்தியாயத்தில் ஒபியெரிகாவின் மகள் அக்குவெக்கேவுக்குப் பரிசம் பேசும் காட்சியை நிதானமாகப் படித்தாலே மற்ற நாவல்களுக்கும் சாவி கிடைக்கும். பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும், மாப்பிள்ளை இபேவுக்கு இருபத்தைந்து. கள் குடித்து ஊர்ப் பேச்சு முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார்கள். ஒபியெரிகா ஒரு சின்ன ஈர்க்குக் கட்டை மாப்பிள்ளையின் தகப்பன் உக்கெக்புவிடம் நீட்டுகிறான். எண்ணிப் பார்த்தால் முப்பது. மாப்பிள்ளை வீட்டார் வெளியே போய்க் கிசுகிசுத்துவிட்டு வந்து கட்டைத் திருப்பித் தருகிறார்கள். இப்போது பதினைந்து. ஒபியெரிகாவின் அண்ணன் மாச்சி, முப்பதுக்குக் கீழே போக எண்ணியிருக்கவில்லை, ஆனாலும் கல்யாணம் விளையாட்டாக இருக்கணும், சண்டையாகக் கூடாது என்று சொல்லி, பதினைந்தோடு பத்தைச் சேர்த்து நீட்டுகிறான். கடைசியில் இருபது மூட்டை சோழிக்கு முடிகிறது. இத்தனை பேரத்திலும் வாய்ச்சண்டை இல்லை. ஈர்க்குக் கட்டுதான் போய்ப் போய் வருகிறது.

பேச்சு முடிந்ததும் அவர்களே மற்ற ஊர் வழக்கங்களைக் கேலி செய்கிறார்கள். அபாமேயிலும் அனிந்தாவிலும் ஆடு மாடு வாங்குகிற மாதிரி வாயால் பேரம் பேசுவார்களாம். உமுன்சோவில் பேரமே கிடையாதாம். பெண் வீட்டார் போதும் என்கிற வரை மாப்பிள்ளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவர வேண்டும், அதனால் கடைசியில் சண்டைதான் மிச்சம். 'பெண்ணை விற்கிறார்கள்' என்ற வெளியாளின் குற்றச்சாட்டை அச்செபே பாத்திரங்களின் வாயிலேயே வைத்து, 'அது பக்கத்து ஊர்க்காரன் செய்வது' என்று நகர்த்திவிடுகிறார். குறும்பான இடம். ஆனால் பேசப்படுகிற அக்குவெக்கே அந்தக் காட்சியில் செய்வது என்ன? கோலாக் கொட்டை வைத்த மரத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் கூச்சத்தோடு கை குலுக்குகிறாள், அவ்வளவுதான். மாப்பிள்ளையும் அவன் உறவினரும் அவள் உடம்பை ஏற இறங்கப் பார்ப்பதையும் அச்செபே ஒளிக்கவில்லை.

சில அத்தியாயங்கள் கழித்து அதே பெண்ணுக்கு 'உரி' சடங்கு. பரிசத்தில் பெரும்பகுதி கொடுத்தாயிற்று. இப்போது மாப்பிள்ளை வீட்டார் பங்காளிகள் அத்தனை பேருக்கும் கள் கொண்டுவர வேண்டும். இளைஞர்கள் வரிசையாகப் பானை சுமந்து வர, பெண் வீட்டார் எண்ணுகிறார்கள். இருபத்தைந்தில் வரிசை நின்றுபோகிறது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு மீண்டும் வருகிறது, ஐம்பதில் முடிகிறது. அந்த இடைவெளியில் ஒரு குடும்பத்தின் மானமே தொங்குகிறது. சடங்கு முடிந்ததும் பெண் ஏழு சந்தை வாரம் மாப்பிள்ளை வீட்டில் தங்கப் போகிறாள். இக்போ சந்தை வாரம் நான்கு நாள், ஆக இருபத்தெட்டு நாள்.

இந்தப் படிகள் இனத்துக்கு இனம் மாறும். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களிடம் மாப்பிள்ளை நேரில் பேச முடியாது. 'முன்யாய்' என்ற தூதர் போகிறார். பெண் வீட்டார் வாயைத் திறப்பதற்கே ஒரு சிறு தொகை, பிறகு தகப்பனுக்குப் பணமும் மாடுகளும், தனியாகத் தாய்க்கு ஒரு பசு. அந்தத் தாய்ப் பசு உயிருள்ள பசுவாகவே வர வேண்டும் என்பது பிடிவாதமான விதி. கொடுக்காமல் ஏமாற்றினால் தாய்வழி ஆவிகளின் கோபம் பிள்ளைகளைத் தாக்கும் என்பது நம்பிக்கை. பாக்கியை ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். ஆனால் பாக்கி இருக்கும்போது மனைவி செத்தால், அவள் பிறந்த வீட்டார் அடக்கத்தை நிறுத்தி வைத்து வசூலிப்பதுண்டு. கானாவின் அக்கான் மக்களிடம் நிலைமை வேறு. அவர்கள் தாய்வழி, பிள்ளை எப்படியும் தாயின் குலத்துக்குத்தான் போகும். அதனால் பிள்ளைக்காகப் பெரிய பரிசம் கொடுக்கும் தேவை இல்லை. பெண் வீட்டார் ஏற்றுக்கொள்ளும் 'தலை மது'தான் சட்டப்படி கல்யாணத்தின் மையம். இக்போ நாவலில் கற்றதை அப்படியே கானா நாவலில் பொருத்தினால் தவறாகப் படிப்போம். அமா அட்டா ஐடூவின் 'அனோவா' (1970) நாடகத்தில் அம்மா பார்த்த மாப்பிள்ளைகளை எல்லாம் தள்ளிவிட்டுத் தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் போகும் மகள் எவ்வளவு பெரிய பிடியை விட்டுவிட்டுப் போகிறாள் என்பது, தாய்வீட்டின் எடை தெரிந்தால்தான் உறைக்கும்.

பரிசத்தின் இன்னொரு முகம், அதைத் திருப்பித் தர வேண்டியிருப்பது. பெண் கணவனை விட்டு வந்துவிட்டால் பிறந்த வீடு வாங்கியதைக் கொடுக்க வேண்டும். அந்தப் பணமோ தம்பியின் கல்யாணத்துக்கு ஏற்கெனவே போயிருக்கும். அதனால் அடி தாங்காமல் ஓடி வந்தவளை 'பொறுத்துக்கொள்' என்று திருப்பி அனுப்பப் பிறந்த வீட்டுக்கே ஒரு காரணம் இருக்கிறது. இதே ஏற்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு: பெண்ணுக்கு ஒன்று என்றால் அண்ணன் தம்பிகள் உள்ளே வர உரிமை இருக்கிறது.

அச்செபே இரண்டையும் ஒரே பஞ்சாயத்தில் வைக்கிறார். உசோவுலு என்பவன் மனைவி ம்பாஃபோவை ஒன்பது வருஷமாக அடிக்கிறான். அவள் சகோதரர்கள் வந்து அவனை அடித்துவிட்டு அவளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார்கள். முகமூடி தரித்த முன்னோர் ஆவிகளின் சபையில் அவன் கேட்பது பரிசத்தை. பெண் தரப்பில் பேசும் ஒடுக்வே சொல்வதைக் கவனியுங்கள்: ஓடிவந்தால் பரிசத்தைத் திருப்பித் தருவதுதான் சட்டம், ஆனால் இவள் உயிர் பிழைக்க வந்தவள், பிள்ளைகள் அவனுக்கே சொந்தம், அதில் தகராறு இல்லை, தாயை விட்டுப் பிரியும் வயதில்லை என்பதால் இங்கே இருக்கிறார்கள். அடித்ததைப் பற்றி இத்தனை கோபத்தோடு பேசுகிற அண்ணன்கூடப் பிள்ளை யாருடையது என்பதில் ஒரு அங்குலம் நகரவில்லை. தீர்ப்பு: ஒரு பானைக் கள்ளோடு போய் மனைவியைக் கெஞ்சி அழைத்து வா. இதைச் சிலர் பெண்ணுக்குக் கிடைத்த நீதி என்கிறார்கள், சிலர் வெறும் பூச்சு என்கிறார்கள். எனக்குப் படுவது, அண்ணன் தம்பி இல்லாத ஒருத்திக்கு இந்தச் சபையில் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியை அச்செபே எழுப்பாமல் விட்டுவிட்டார் என்பது. அவருக்குப் பின்னால் வந்த பெண் எழுத்தாளர்கள் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்.

திருப்பித் தருதல் பழங்கதை இல்லை. உகாண்டா உச்ச நீதிமன்றம் 2015இல்தான், மணமுறிவில் பரிசத்தைத் திருப்பிக் கேட்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது. பரிசம் வாங்குவதையே தடை செய்ய மறுத்துவிட்டது.

பரிசம் கொடுக்காமலே சேர்ந்து வாழப் போனால்? இதற்கு இரண்டு நாவல்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஃப்ளோரா ந்வாப்பாவின் 'எஃபுரு' (1966) அப்படித்தான் தொடங்குகிறது. எஃபுரு பெரிய வீட்டுப் பெண், அடிசுவா காசில்லாதவன். அவள் அவன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். இருவரும் உழைத்துச் சேர்த்துப் பிறகு பரிசத்தைக் கொண்டுபோய் அவள் தகப்பனிடம் கொடுக்கிறார்கள், அதன் பின்தான் அவளுக்குத் தலை நிமிர்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாமல், தன் வியாபார வருமானத்திலிருந்து தன் பரிசத்தைத் தானே ஈடுகட்டும் பெண் அவள்.

பத்தாண்டு கழித்துப் புச்சி எமெச்செட்டா எழுதிய 'தி பிரைட் பிரைஸ்' (1976) இதே முடிச்சை எடுத்து இறுக்குகிறது. நைஜீரியாவின் பெருநகரமான லாகோஸில் தகப்பன் செத்ததும் அக்கு-ன்னா என்ற சிறுமி தாயோடு சொந்த ஊர் இபுசாவுக்கு வருகிறாள். தகப்பனின் அண்ணன் ஒக்கோன்க்வோ தாயைத் தன் மனைவிகளில் ஒருத்தியாக ஏற்கிறான். அவனுக்கு ஊரில் ஒரு பட்டம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இவள் படித்த பெண், நல்ல பரிசம் வரும். அவள் விரும்புவதோ அடிமை வம்சத்துப் பையனான வாத்தியார் சிக்கேவை. நடுவில் இன்னொரு குடும்பம் அவளைத் தூக்கிப் போகிறது. ஒரு பெண்ணின் கூந்தலில் ஒரு கற்றையை வெட்டிவிட்டாலே அவள் வெட்டியவனுக்கு மனைவி என்பது அங்கே வழக்கம். தப்பிக்க அவளுக்கு இருக்கும் ஒரே ஆயுதம், தான் கன்னி இல்லை என்று பொய் சொல்வது. சிக்கேவோடு ஓடிவிடுகிறாள். அவன் தகப்பன் எவ்வளவு கொடுக்க முன்வந்தும் ஒக்கோன்க்வோ பரிசத்தை வாங்க மறுக்கிறான். அந்த மறுப்புத்தான் கொலைக் கருவி. பரிசம் வாங்கப்படாத பெண் முதல் பிரசவத்தில் சாவாள் என்பது ஊர் நம்பிக்கை. அவள் அப்படியே சாகிறாள். வளராத உடம்பா, பட்டினியா, பயமா என்று எமெச்செட்டா முடிவு கட்டிச் சொல்வதில்லை, ஊர் மட்டும் முடிவு கட்டிவிடுகிறது. இந்த நாவலின் முதல் கைப்பிரதியை அவர் கணவர் லண்டனில் எரித்துவிட்டார். கையிலிருப்பது மறுபடி எழுதியது.

சிக்கேவின் பிறப்பு பற்றிய சிக்கல்தான் அச்செபேயின் 'நோ லாங்கர் அட் ஈஸ்' (1960) நாவலிலும். இங்கிலாந்தில் படித்து வந்த ஓபி, தெய்வத்துக்கு ஒப்படைக்கப்பட்டவர்களின் வழிவந்த, 'ஓசு' என்று ஒதுக்கப்பட்ட கிளாராவைக் கட்ட நினைக்கிறான். தகப்பன் கிறிஸ்தவ உபதேசியார். அவரே முடியாது என்கிறார். தாய், தான் உயிரோடு இருக்கும்போது செய்தால் தற்கொலை செய்துகொள்வேன் என்கிறாள். கிழக்கு நைஜீரியாவில் ஓசு முறையை ஒழிக்கும் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. அதே ஆண்டு பரிசத்துக்கு 30 பவுண்டு உச்சவரம்பும் வைத்தார்கள். சட்டம் காகிதத்தில் நிற்க, கல்யாணச் சந்தை தன் போக்கில் போனது என்பதற்கு இந்த நாவலைவிட நல்ல சாட்சி கிடையாது. சட்டத்தை யாரும் அதில் மேற்கோள் காட்டிக்கூடப் பேசுவதில்லை.

இனி, எழுதியவர்கள் வழக்கத்தை எதிர்க்கிறார்களா ஏற்கிறார்களா என்பதற்கு வருகிறேன். நல்ல நாவல்கள் பலவற்றின் ஆத்திரம் வழக்கத்தின் மேல் மட்டும் இல்லை. பழைய ஏற்பாட்டில் பெண்ணுக்குக் கடமையும் இருந்தது, சின்னதாக ஒரு காவலும் இருந்தது. சம்பளம், நகரம், தேவாலயம், நீதிமன்றம் எல்லாம் வந்தபோது காவல் போய்விட்டது; கடமை மட்டும் அப்படியே நின்றது. இதை ஆதியோடு அந்தமாகக் காட்டுவது எமெச்செட்டாவின் 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' (1979). ஒன்று மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

ந்னு ஈகோவுக்கு முதல் கணவன் வீட்டில் பிள்ளை இல்லை. அவன் வேறொருத்தியைக் கொண்டுவந்து இவளை வயல் வேலைக்கு அனுப்புகிறான். வாழாவெட்டியாகத் தகப்பன் வீடு வந்து, பிறகு லாகோஸில் வெள்ளைக்காரர் வீட்டில் துணி வெளுக்கும் ந்னைஃபேவுக்கு வாழ்க்கைப்படுகிறாள். முதல் குழந்தை சில வாரத்தில் சாக, கார்ட்டர் பாலத்திலிருந்து குதிக்கப் போகிறாள். பிறகு பிள்ளைகள் பிறக்கின்றன. அந்த நேரத்தில் ந்னைஃபேவின் அண்ணன் இறக்க, வழக்கப்படி அண்ணன் மனைவிகளில் ஒருத்தியான அடாக்கு இவனுக்கு மனைவியாக லாகோஸ் வந்து சேர்கிறாள். இபுசாவில் ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் குடிசை உண்டு, தோட்டம் உண்டு, சந்தை உண்டு. சக்களத்திச் சண்டை இருந்தாலும் இரவில் அவரவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். லாகோஸில் இருப்பது ஒரே அறை. மூத்தாள் என்ற முறையில் அவளே வரவேற்றுச் சமைத்துப் போட்டுவிட்டு, அதே அறையில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில் சத்தத்தைக் கேட்கிறாள். பலதார மணத்தைப் பற்றிய வாதங்கள் எத்தனையோ உண்டு. ஒரு அறை வாடகை என்ற கணக்கை அதில் சேர்த்தவர் எமெச்செட்டா.

அடாக்குவுக்குப் பெண் பிள்ளைகள் மட்டும்தான். ஒரு தகராறில் மத்தியஸ்தம் செய்ய வந்த ஆண்கள், தப்பு யார் மேல் என்று பார்க்காமல், ஆண் பிள்ளை பெற்றவள் ந்னு ஈகோ என்பதால் அடாக்குவைக் கண்டிக்கிறார்கள். அன்றோடு அவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். வியாபாரம் செய்து, மகள்களைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். ந்னு ஈகோ மகன்களைப் படிக்கவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள். யார் கெட்டிக்காரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை.

நாவலின் உச்சம் நீதிமன்றக் காட்சி. மகள் வேறு இனத்தவரான ஒரு யொரூபா கசாப்புக்காரரின் மகனோடு போய்விட்டாள் என்று ந்னைஃபே அவர்கள் வீட்டுக்கு வெட்டுக்கத்தியோடு போய் வழக்கில் மாட்டுகிறான். சாட்சிக் கூண்டில் ந்னு ஈகோவிடம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்று கேட்கிறார்கள். கட்டுவது அவள்தான். ஆனால் அவர் குடும்பத் தலைவர், நான் அவருக்குச் சொந்தம், ஆகவே நான் கட்டினாலும் அவர் கட்டியதாகத்தான் அர்த்தம் என்கிறாள். கோர்ட்டில் சிரிக்கிறார்கள். ஊர் வழக்கில் இது குறையே இல்லாத பதில். ஆங்கிலேயச் சட்டத்தில் கணவனுக்கு எதிரான வாக்குமூலம். இரண்டு கணக்கு நோட்டுகள் மோதும் இடம் இது. அதில் உடைவது அவள். கடைசியில் சாலையோரத்தில், பக்கத்தில் ஒரு பிள்ளையும் இல்லாமல் சாகிறாள். பிள்ளைகள் தடபுடலாகச் சாவுச் சடங்கு செய்து, குழந்தை வரம் வேண்டுவோருக்காக அவள் பெயரில் ஒரு கோயிலும் வைக்கிறார்கள். செத்த பிறகு அவள் யாருக்கும் வரம் கொடுக்க மறுத்துவிடுகிறாள். நாவலின் தலைப்பை எமெச்செட்டா எடுத்தது 'எஃபுரு'வின் கடைசி வரியிலிருந்து. அங்கே பிள்ளையே இல்லாத ஏரித் தெய்வத்தைப் பெண்கள் ஏன் வணங்குகிறார்கள் என்ற கேள்வியோடு கதை நிற்கிறது.

பிள்ளை இல்லாமை என்றால் பெண்ணின் குறை என்று ஊர் கணக்குப் போடுவதை அடுத்த தலைமுறை நைஜீரிய எழுத்தாளர்கள் கவிழ்த்துவிட்டார்கள். லோலா ஷோனெயின் நாவலில் (2010) பாபா செகிக்கு மூன்று மனைவிகள், ஏழு பிள்ளைகள். நான்காவதாக வந்த பட்டதாரி போலான்லேவுக்குக் குழந்தை இல்லையே என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், குறை அவனிடம் என்று தெரிகிறது. அப்படியானால் ஏழும் யாருடையவை? அயோபாமி அடெபாயோவின் 'ஸ்டே வித் மி' (2017) அதே இரகசியத்தை வேடிக்கை இல்லாமல், மூச்சு முட்டச் சொல்கிறது.

மேற்கே செனகலுக்குப் போனால் கணக்கு நோட்டே வேறு. அங்கே இஸ்லாமியச் சட்டமும் 1972இன் குடும்பச் சட்டமும் சேர்ந்திருக்கின்றன. அந்தச் சட்டப்படி கல்யாணத்தின்போதே ஆண் ஒருதாரமா, இத்தனை வரைதானா, பலதாரமா என்று தெரிவு செய்ய வேண்டும். மரியாமா பாவின் 'சோ லாங் எ லெட்டர்' (பிரெஞ்சு மூலம் 1979; 1980இல் ஆப்பிரிக்க நூல்களுக்கான நோமா விருதை முதலில் பெற்றது) கணவன் மோது செத்த பிறகு, நான்கு மாதம் பத்து நாள் இத்தா (விதவை வீட்டோடு துக்கம் காக்கும் காலம்) இருக்கும் ராமதுலாயே தோழி அய்சாதுவுக்கு எழுதும் கடிதம். இத்தா காலம் என்பதால் வெளியே போக முடியாது. அந்த அடைப்புத்தான் எழுதவே வைக்கிறது. பாகப்பிரிவினைக்காக இறந்தவரின் கடன் உட்பட எல்லாவற்றையும் வெளியே வைத்தாக வேண்டும். அப்போதுதான் தெரிகிறது: மகளின் பள்ளித் தோழி பினெத்துவை இரண்டாம் தாரமாகக் கட்டியவன், அவள் படிப்பை நிறுத்த மாதம் 50,000 பிராங்க் கொடுத்திருக்கிறான், மாமியார் மாமனார் மக்கா போக உள்பட 40 லட்சம் பிராங்க் கடன் வாங்கியிருக்கிறான். பன்னிரண்டு பிள்ளை பெற்ற முதல் மனைவிக்கு இரண்டாம் கல்யாணச் செய்தியைச் சொல்ல அவன் வரவில்லை. இமாமும் அவன் அண்ணன் தம்சீரும் நண்பன் மவ்தோவும் பள்ளிவாசலிலிருந்து நேராக வந்து சொல்கிறார்கள். அவள் அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்து, நன்றி சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்புகிறாள். வசவு ஒன்றும் இல்லாமல் இவ்வளவு கோபமான பக்கத்தை நான் அதிகம் படித்ததில்லை.

இதோடு உஸ்மான் செம்பேனின் 'ஹாலா' (1973) படிக்கலாம், அது நையாண்டி. மூன்றாம் கல்யாணத்து இரவில் ஆண்மை போகும் பணக்கார வியாபாரி, ஒவ்வொரு மனைவிக்கும் ஒரு பங்களா, முறைவைத்துத் தங்கல், பெட்ரோல் செலவு. பிள்ளை உழைக்க வயல் இல்லாத நகரத்தில் மனைவிகள் எண்ணிக்கை வெறும் செலவுக் கணக்கு என்பதை அது குரூரமாகச் சிரித்துக் காட்டும். ஐடூவின் 'சேஞ்சஸ்' (1991) தலைகீழ்: அக்ராவில் புள்ளிவிவர அலுவலராக இருக்கும் ஏசி, மணமுறிவுக்குப் பிறகு தனக்கென்று நேரம் மிஞ்சும் என்று தானே விரும்பி இரண்டாம் மனைவியாகிறாள். பிறகு கணவன் வருவதில்லை, பரிசாகக் கார் வருகிறது.

தேவாலயக் கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை. சிட்சி டங்கரெம்ப்காவின் 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' (1988) நாவலில் குடும்பத்துக்கு வரும் கஷ்டங்களுக்குக் காரணம், தம்பி தேவாலயத்தில் தாலி கட்டாமல் குடும்பம் நடத்துவதுதான் என்று மிஷனில் படித்த பெரியப்பா பாபமுக்குரு முடிவு கட்டுகிறார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு தாய்க்கும் தகப்பனுக்கும் வெள்ளை உடையில் கல்யாணம். மகள் தம்புவுக்கு அது பெற்றோரைக் கேலிப்பொருளாக்குவது. வர மறுக்கிறாள், பதினைந்து அடி. ஷோனா வழக்கப்படி முடிந்த கல்யாணத்தை 'பாவம்' ஆக்கியது யார் என்பதே கேள்வி. மரபு என்றால் பழையது, கிறிஸ்தவம் என்றால் விடுதலை என்ற சமன்பாட்டோடு வருபவர்கள் இங்கே இடறுவார்கள்.

கணக்கில் கடைசி வரி விதவை. மரியாமா பாவின் நாவலில் மோதுவின் அண்ணன் தம்சீர் நாற்பதாம் நாள் முடிந்த கையோடு வந்து ராமதுலாயேவிடம், நீ இனி என் மனைவி என்கிறான். அவள் முப்பது வருஷத்து மௌனத்தைக் கலைத்து விரட்டுகிறாள். பழைய கிராமத்தில் கொழுந்தன் ஏற்பதற்கு ஒரு பொருள் இருந்தது: விதவைக்கு நிலமும் பிள்ளைகளுக்குப் பெயரும் மிஞ்சும். டாக்கரில் அவள் சம்பளம் வாங்கும் ஆசிரியை. அங்கே அவன் பார்வை இருப்பது அவள் வருமானத்தின் மேல். நெஷானி ஆண்ட்ரியாஸின் 'தி பர்ப்பிள் வயலட் ஆஃப் ஓஷாந்து' (2001) நமீபியாவில், அடித்த கணவன் செத்ததற்கு அழ மறுக்கும் கவுனாவைப் பற்றியது. ஊருக்கு அவள் கண்ணீர் வர வேண்டிய பாக்கி. கொடுக்காததால் சூனியக்காரி என்று பேசுகிறார்கள்.

படிக்கும் வரிசை கேட்டதால்: 'திங்ஸ் ஃபால் அபார்ட்', உடனே 'எஃபுரு', பிறகு 'ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்', அடுத்து மரியாமா பா. முதல் இரண்டையும் தள்ளிப் போட வேண்டாம். ஆண்கள் அமர்ந்து எண்ணும் ஈர்க்குக் கட்டை ஒரு வியாபாரப் பெண்ணின் கையிலிருந்து பார்க்க 'எஃபுரு' அவசியம். கடைசியாக மொசாம்பிக்கின் பவுலினா ஷிசியானி எழுதிய 'நிக்கெட்சே' (2002). போலீஸ் கமாண்டர் டோனிக்குத் தன்னைத் தவிர நான்கு பெண்கள் உண்டு என்று கண்டுபிடிக்கும் ராமி முதலில் அடிதடியில் இறங்குகிறாள். பிறகு ஐவரும் ஒன்றுசேர்ந்து அவன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்குப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் போய் நிற்கிறார்கள். வழக்கப்படி எங்கள் எல்லோருக்கும் பரிசம் கொடு என்று கேட்கிறார்கள். மரபின் விதிகளை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றச் சொல்வதே அவர்கள் ஆயுதம். டோனி செத்துவிட்டதாக ஒரு தவறான செய்தி வர, உறவினர்கள் வீட்டுச் சாமானை அள்ளிப் போகிறார்கள். விதவைச் சுத்திகரிப்பு என்று ராமியைக் கொழுந்தனோடு படுக்க வைக்கிறார்கள். உயிரோடு திரும்பி வந்த டோனி ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்கிறான். அவன் இத்தனை நாள் தூக்கிப் பிடித்த வழக்கத்தைத்தான் செய்தார்கள் என்கிறாள் அவள். பிறகு அவள் வயிற்றில் வளரும் பிள்ளை, பரிசக் கணக்கின்படி, அவன் வீட்டுப் பிள்ளைதான்.